கதவு நல்லா விழுந்திருக்கு!

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். வணக்கம் சொல்லியே பாதி நேரத்தைத் தீர்க்கும் பழக்கம் எனக்கில்லை. நேரத்தைத் தீர்க்க வேறு வழி வைத்திருக்கிறேன்.

தலைப்பு உங்களுக்கே தெரியும். கேமரா போன் வாங்குகிறவர் எதை நம்பலாம்? நிறுவனம் பெட்டிமேல் அச்சடிக்கும் விவரங்களையா, ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளையா? வாங்கியவர்கள் கருத்தைத்தான் என்பது எங்கள் அணி. எனக்கு இதில் பெரிய கொள்கைப் பிடிப்பெல்லாம் கிடையாது. மேடை ஏறும்போது இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நியாயமும் இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது என்று.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி எண்களாகவே பொழிந்தார். 2000-ஆம் ஆண்டு ஜப்பானில் ஷார்ப் கொண்டுவந்த கேமரா போனில் வெறும் 1,10,000 பிக்சல், அதாவது படத்தை உண்டாக்கும் புள்ளிகள், இன்றைக்கு 20 கோடி பிக்சல் போன் கையில் வந்துவிட்டது, "எண் பொய் சொல்லாது ஐயா!" என்று முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எண் பொய் சொல்லாதுதான். ஆனால் எண்ணை நம்பிப் போன் வாங்கிய ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். என் சித்தப்பா.

சித்தப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கு உலகத்தில் எதுவாக இருந்தாலும் எண்ணில் சொல்ல வேண்டும். போன் வாங்கப் போனவர் மூன்று போன்களை வரிசையாக வைத்தார். இது 48 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் பிக்சல்), இது 64, இது 108. எது பெரியது? 108. முடிந்தது கணக்கு. கூடப் போன மகள், "அப்பா, கொஞ்சம் பொறுங்க, வாங்கினவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்று ஒரு கருத்தை வாசித்துக் காட்டினாள். யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதியது: "வெளியே வெயிலில் படம் பிரமாதம். வீட்டுக்குள் ஓடுகிற குழந்தையை எடுக்கவே முடியாது. 2 நட்சத்திரம்."

சித்தப்பா சொன்னார்: "அவனுக்குக் கை நடுங்கியிருக்கும்."

வாங்கிவிட்டார். எதற்கு வாங்கினார்? பேரனைப் படம் எடுக்க. பேரனுக்கு என்ன வயது? நடக்கவே தெரியாமல் நேரடியாக ஓடக் கற்றுக்கொண்ட வயது. சாயங்காலம், வீட்டுக்குள், டியூப் லைட் வெளிச்சம். சித்தப்பா போனைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி (அந்தக் காலப் பழக்கம், போனுக்கும் மூடுவார்), பட்டனை அழுத்துகிறார். படம் வருகிறது. படத்தில் கதவு.

இன்னொன்று. கதவு, ஓரத்தில் அரைக் குதிகால்.

இன்னொன்று. கதவு, நடுவில் ஒரு புகை. அந்தப் புகைதான் பேரன்.

ஆனாலும் விட்டுக்கொடுப்பாரா? வந்தவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். "இதோ பாரு, ஓடி வர்றான்." "எங்கே?" "இப்பதான் போனான்." "இதுல?" "இதுல வரப்போறான்." கடைசியில் சித்தியிடம் கொடுத்தார். சித்தி கண்ணாடியை மாட்டி, படத்தை அப்படியும் இப்படியும் திருப்பி, நெடுநேரம் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கதவு நல்லா விழுந்திருக்கு."

நடுவர் அவர்களே, பின்வரிசையில் இரண்டு பேர் இப்போதுதான் உள்ளே வந்தார்கள், அவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். மற்றவர்களுக்கு மீதிக் கதை. "கதவு நல்லா விழுந்திருக்கு" என்றதும் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "108 மெகாபிக்சல்! பெருசாக்கிப் பாரு, அப்பத் தெரியும்!" சித்தி பெரிதாக்கிப் பார்த்தார். "ஆமாங்க, தாழ்ப்பாள்ல துரு பிடிச்சிருக்கு. இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லை." அடுத்த வாரம் கதவைச் சரிசெய்யத் தச்சரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் வந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. படத்தை அனுப்பினார்கள், பார்த்துவிட்டு எந்த மூலையில் இழைக்க வேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டார். சித்தி சொன்னார்: "போன் வாங்கினது வீண்போகலை."

சரி, ஏன் இப்படி ஆயிற்று? தம்பி, எண்ணை மட்டும் சொன்னீர்களே, மீதியையும் நான் சொல்கிறேன். பெரும்பாலான 108 மெகாபிக்சல் போன்கள், வழக்கமாகப் படம் எடுக்கும்போது 9 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கின்றன. 108-ஐ 9-ஆல் வகுக்கத் தெரியாதவரா என் சித்தப்பா? வகுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை! சொன்ன பிறகு என்ன செய்தார் தெரியுமா? "12-ல எடுக்கறதுக்கா 108 வாங்கினேன்?" என்று முழு 108-ஐயும் போட்டு எடுக்க ஆரம்பித்தார். அது இன்னும் மெதுவாக வேலை செய்யும். வெளிச்சம் குறைந்தால் கேமரா அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அதற்குள் ஓடுகிற பிள்ளை புகையாகிவிடும். இதெல்லாம் பெட்டிமேல் இல்லை. முகம் தெரியாத அந்த மனிதர் இரண்டே வரியில் எழுதியிருந்தார். அவருக்குக் கை நடுங்கவில்லை ஐயா. அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை ஓடியிருக்கிறது.

இப்போது எதிரணி அக்காவிடம் வருகிறேன். அக்கா ஒரு கேலி செய்தார்கள். ஒரு வாடிக்கையாளர் கருத்தை வாசித்தார்கள்: "டெலிவரி வேகம். பெட்டி அழகு. இன்னும் பிரிக்கவில்லை. 5 நட்சத்திரம்." வாசித்துவிட்டு, "பெட்டியையே பிரிக்காதவன் பேச்சை நம்பியா நான் போன் வாங்கணும்?" என்றார்கள். அரங்கமே சிரித்தது. நடுவர் ஐயாவே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்குக் கொடுத்த நேரத்தில் வேறு நாலு வாதம் வைத்திருந்தேன். அதெல்லாம் போகட்டும். அந்தப் பெட்டி பிரிக்காதவருக்கு வக்கீலாக ஆஜராகிறேன்.

அக்கா, அவர் என்ன பொய் சொன்னார்? டெலிவரி வேகம், நிஜம். பெட்டி அழகு, நிஜம். இன்னும் பிரிக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொன்னார். நிறுவனம் செய்ததைப் பார்ப்போமா? 2012-இல் நோக்கியா, லூமியா 920 என்ற போனுக்கு ஒரு விளம்பரம் எடுத்தது. சைக்கிளில் போகும் பெண்ணை ஓடுகிற நிலையிலேயே போனில் படம் பிடிக்கிறார்களாம், துளி ஆட்டமில்லை. ஆனால் பின்னால் இருந்த ஒரு ஜன்னல் கண்ணாடியில் வேன் ஒன்று தெரிந்தது. வேனுக்குள் பெரிய கேமராவோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்! விஷயம் வெளியானதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இதற்கு என்ன சொல்வீர்கள் அக்கா? என் கட்சிக்காரர் பெட்டியைப் பிரிக்காமல் கருத்துச் சொன்னார். அவர்கள் போனையே தொடாமல் படம் எடுத்தார்கள்!

ஜன்னல் நல்லா விழுந்திருக்கு, நடுவர் அவர்களே!

அடுத்து, வாடிக்கையாளர்கள் விவரமில்லாதவர்கள் என்றார்கள். நான் படித்த ஒரு கருத்து சொல்கிறேன்: "கேமரா சரியில்லை. முகத்தில் இருக்கிற சுருக்கமெல்லாம் அப்படியே தெரிகிறது. 1 நட்சத்திரம்." இதைவிட ஒரு கேமராவுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்? அவர் திட்டித்தான் எழுதினார், படித்த எனக்குப் பாராட்டாகத் தெரிந்தது. நட்சத்திரத்தை எண்ணுவதற்குச் சித்தப்பா போதும். கருத்தைப் படிக்க நாம் வேண்டும்.

இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. 2018-இல் ஐபோன் எக்ஸ்எஸ் வந்தபோது, செல்ஃபி எடுத்தவர்கள் பலர் "என் முகம் ஏன் இப்படி வழவழவென்று இருக்கிறது, நான் அழகாக்கச் சொல்லவே இல்லையே" என்று கேட்டார்கள். அழகாகக் காட்டினாலும் குறை சொல்கிற மனிதர்கள்! ஆனால் குறை நிஜம். ஒரே அழுத்தலில் எடுக்கும் பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும்போது கூர்மையான படத்தை அடிப்படையாக எடுக்காமல் மங்கலானதை எடுத்துக்கொண்டிருந்தது போன். ஐபோனை இயக்கும் மென்பொருளின் அடுத்த பதிப்பான ஐஓஎஸ் 12.1-இல் திருத்தினார்கள். தொழிற்சாலையில் இருந்த பொறியாளர்கள் தவறவிட்டதைக் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தினமும் பார்க்கிறவர்கள் பிடித்தார்கள்.

நிலா கதையும் தெரியும்தானே? 2023-இல் ஒரு பயனாளர் நிலாவின் படம் ஒன்றை 170-க்கு 170 பிக்சலாகச் சுருக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, தூரத்திலிருந்து சாம்சங் போனில் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களெல்லாம் போன் படத்தில் வந்தன! இது நிலா என்று அடையாளம் கண்டு நுணுக்கங்களைச் செயற்கை நுண்ணறிவு மேம்படுத்துகிறது என்று நிறுவனமே பிறகு விளக்கியது. சோதனை செய்தது யார்? ஒரு வாடிக்கையாளர், ஒரு இருட்டறை, ஒரு சந்தேகம்.

போலிக் கருத்துகள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-இல் போலி விமர்சனங்களை விற்கவும் வாங்கவும் தடை விதித்து விதியே கொண்டுவந்தது. ஆனால் கள்ள நோட்டு அடிக்கிறான் என்றால் நல்ல நோட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? செல்லாத நோட்டைப் போல எவனாவது அடிப்பானா?

நடுவர் ஐயா மணியின் மேல் கை வைக்கிறார். பெட்டி பிரிக்காதவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

அக்கா, அவர் ஏன் பிரிக்கவில்லை என்று யோசித்தீர்களா? நாமெல்லாம் புதுப் போன் வந்தால் ஒட்டுத்தாளைப் பல்லால் கடித்தாவது பிரிக்கிற ஆட்கள். ஒரு மனிதர் பிரிக்காமல் வைத்திருக்கிறார் என்றால், அது அவருக்கு வாங்கியதாக இருக்காது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கியிருக்கலாம். தூரத்தில் படிக்கப் போகிற மகளுக்கு வாங்கியிருக்கலாம். பிரிக்கிற சந்தோஷம் அவர்களுக்கு வேண்டும் என்று பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். மனசு தாங்காமல் யாரிடமாவது சொல்ல வேண்டும், வீட்டில் சொன்னால் ரகசியம் போய்விடும், அதனால் உலகத்திடம் சொல்லியிருக்கிறார். 5 நட்சத்திரம் போனுக்கு இல்லை அக்கா. நாம் சிரித்துவிட்டோம்.

கேமரா போன் பிறந்த கதையே அப்படித்தான். 1997 ஜூன் 11, கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனை. பிலிப் கான் என்பவருக்கு மகள் பிறக்கிறாள். டிஜிட்டல் கேமரா தனி, செல்போன் தனி, மடிக்கணினி தனி. மூன்றையும் ஒயரால் இணைத்து, பிறந்த குழந்தையின் படத்தை 2,000 பேருக்கு மேல் அனுப்பினார். மென்பொருள் தொழிலதிபர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் அவர் ஒரு அப்பா. எத்தனை மெகாபிக்சல் என்று படம் கிடைத்தவர் யாராவது கேட்டிருப்பாரா?

கடைசியாக ஒரே ஒரு கருத்து. எங்கோ படித்தேன், எழுதியவர் பெயரில்லை. முதலில் எழுதியிருந்தார்: "ராத்திரியில் படம் மங்கலாக வருகிறது. 3 நட்சத்திரம்." அதற்குக் கீழே பல மாதம் கழித்து அவரே சேர்த்திருந்தார்: "அப்பா இப்போது இல்லை. அவர் சிரிக்கிற கடைசிப் படம் இந்தப் போனில்தான் இருக்கிறது. ராத்திரி எடுத்தது. மங்கல்தான். 5 நட்சத்திரமாக மாற்றுகிறேன்."

எதிரணித் தம்பி கேட்பார், இதை வைத்து ஒருவர் எப்படிப் போன் வாங்குவது என்று. வாங்க முடியாது தம்பி. ஒப்புக்கொள்கிறேன். கேமரா நல்லதா கெட்டதா என்றுகூட இதில் தெரியாது. ஆனால் அதைப் படித்த அன்று நான் செய்த முதல் வேலை, என் அப்பாவைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் உட்கார வைத்ததுதான். "எதுக்குடா திடீர்னு?" என்றார். "சும்மா சிரிங்கப்பா" என்றேன். எந்த விவரப் பட்டியலாவது, எந்த விளம்பரமாவது உங்களை இப்படி எழுந்து ஓட வைத்திருக்கிறதா?

மணி அடித்துவிட்டீர்கள். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் பிக்சலை எண்ணட்டும். அதுவரை தீர்ப்பை எங்கள் பக்கமே சாய்த்து வைத்திருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.