72 பாட்டும் ஒரு டிரங்குப் பெட்டியும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நாலு மணிக்கே கதவைத் திறந்து மின்விசிறி போட்டு வைத்த நூலகர் ஐயா அவர்களே, போர்த்திய பொன்னாடையை எங்கே வைப்பதென்று நான் முழித்தபோது வாங்கி மடித்துக்கொண்ட செயலாளர் தம்பி அவர்களே, பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'இந்திரசபா' பற்றி மூன்று செய்தி சொல்வேன் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். நாடகம், படம், இராகம். பார்ப்போம்.

லக்னோவில் 1853 வாக்கில் ஆகா ஹசன் அமானத் உருதுவில் எழுதிய இசை நாடகம் இது. சபை நம் இந்திரனுடையது. ஆடுகிறவர்களோ பாரசீகக் கதையிலிருந்து பறந்து வந்த பரிகள், அதாவது இறகு முளைத்த தேவதைகள்! அவர்களில் பச்சைப் பரி, மண்ணுலக இளவரசன் குல்ஃபாம் மேல் ஆசைப்பட்டு, தூங்குகிறவனைக் காலா தேவ் என்ற பூதத்தை விட்டுத் தூக்கிவரச் சொல்கிறாள். வந்தவன் சும்மா இருந்தானா? இந்திர சபையைப் பார்த்தே தீரணும் என்று அடம். ஒளித்துக் கூட்டிப்போனாள், மாட்டிக்கொண்டார்கள். அவன் கிணற்றில், அவள் இறகு அறுபட்டுப் பூமியில். பிறகு ஜோகினி, அதாவது பெண் துறவி வேடத்தில் வந்து இந்திரன் முன் பாடுகிறாள். மயங்கிய இந்திரன் "என்ன வேண்டும், கேள்" என்கிறான். குல்ஃபாமைக் கேட்டு வாங்கிப் போய்விடுகிறாள். பாடியே வழக்கை ஜெயித்தவள்!

இதை 1932-ல் படமாக்கியது கல்கத்தா மதன் தியேட்டர்ஸ், இயக்கம் ஜே. ஜே. மதன். மாஸ்டர் நிஸாரும் ஜஹானாரா கஜ்ஜனும் ஜோடி. 211 நிமிடப் படம். பாட்டு 72 என்பது பேர்போன கணக்கு. 69, 71 என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் மூன்று நிமிடத்துக்கு ஒரு பாட்டு. பின்னணி பாட ஆள் கிடையாது, நடிக்கிறவர்தான் பாடவும் வேண்டும். சிரிக்காதீர்கள், 1934-ல் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த நம் 'பவளக்கொடி'யிலும் ஐம்பதுக்குக் குறையாது.

இத்தனை பாட்டையும் ஜனங்கள் எப்படி நினைவு வைத்தார்கள்? கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தால்தான். இங்கே என் மாமாவைச் சொல்லாமல் முடியாது.

பார்த்த படத்துக்கெல்லாம் பாட்டுப் புத்தகம் வாங்கி டிரங்குப் பெட்டியில் அடுக்கியவர் அவர். அவர் போன பிறகு, கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிற அவசரத்தில் அத்தை பெட்டியோடு பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். பெட்டி இருந்தது. காகிதம் பஸ் ஸ்டாண்டு கடலைக்காரரிடம் போய்விட்டது. அங்கே ஓடினேன். "பொட்டலமாத்தான் தருவேன், வெறுங்காகிதம் தரமாட்டேன்" என்றார். வாங்கினேன், பிரித்தேன். வாங்கினேன், பிரித்தேன். கடலையை வீணாக்க மனமில்லாமல் தின்றேன். பதினெட்டுப் பொட்டலம்! தேறியது பதினொரு தாள். மூன்று நாள் என் வயிறு பாடிய இராகம் கர்நாடக சங்கீதத்தின் தாய் இராகங்களான எந்த மேளகர்த்தாவிலும் வராது.

ஒரு தாளின் ஓரத்தில் மாமாவின் பென்சில் எழுத்து: 'இவளும் வந்தாள். இடைவேளையில் முறுக்கு.' அத்தையிடம் நீட்டினேன். எண்ணெய்க்கறை படிந்த தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தவர், "இதையாடா எடைக்குப் போட்டேன்?" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

1931 மார்ச் 14-ல் பம்பாய் மெஜஸ்டிக் கொட்டகையில் வெளியான இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா'. அதற்கே இன்று ஒரு பிரதி கிடையாது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானே மக்கிப் போகும், பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். தப்பியதையும் பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுக்க உருக்கினார்கள். புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது 1964-ல். என்ன சொல்ல? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

ஆகவே நகர்மன்றத் தலைவர் அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம். இந்த நூலகத்துக்கு ஒரு இரும்பு பீரோ, ஒரு ஸ்கேனர். இரண்டே கேட்கிறேன். அம்மா தலையசைக்கிறார்கள், செயலாளர் தம்பி, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பாட்டுப் புத்தகங்களை நாங்கள் பத்திரப்படுத்துகிறோம்.

தலைவர் மணியடித்துவிட்டார். இராகம் இன்னொரு நாள். நாளை காலை பத்து மணிக்கு இங்கேதான் இருப்பேன். மேலட்டை கிழிந்த பாட்டுப் புத்தகமானாலும் கொண்டுவாருங்கள், கடலை மடித்த தாளாக இருந்தாலும் சரி. கடலை மட்டும் வேண்டாம்.