விளக்கைப் பார்த்துக்கொண்டவர்கள் கேமரா பிடித்தபோது

அனைவருக்கும் வணக்கம். ஆர்க்டிக் பெண்களின் சினிமாவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களைப் பற்றி அமெரிக்க இயக்குநர் ஃபிளாஹர்ட்டி எடுத்து, 1922-இல் வெளிவந்த 'நானூக்' ஆவணப்படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் படத்தில் ஒரு குடும்பம் இக்ளூ என்ற பனிவீட்டுக்குள் தூங்கி எழுந்து உடை மாட்டிக்கொள்ளும். அந்தக் காலக் கேமராவுக்கு உள்ளே வெளிச்சம் போதாது. அதனால் பாதி வெட்டிவிட்டது போன்ற இக்ளூவைக் கட்டி, திறந்த பக்கத்தில் நின்று எடுத்தார்கள். மனைவியாக வருகிறவர் நிஜ வாழ்க்கையில் மனைவியே அல்ல. படம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் பெண்ணுக்குப் பேச ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

இனி இக்லூலிக் ஊருக்கு வருவோம். கனடாவின் வடக்கே, நுனாவுட் பகுதியில் உள்ள சிறு தீவு ஊர். குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் எழாது. அந்த ஊர்க்காரர்கள் 1975-இலும் 1979-இலும் வாக்கெடுப்பு நடத்தி, டிவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தங்கள் இனுக்டிடுட் மொழியில் ஒரு நிகழ்ச்சிகூட இல்லாத பெட்டி எதற்கு? சரியான கேள்விதான். இனுயிட் மக்களே நடத்தும் ஒளிபரப்பு நிறுவனம் உருவான பிறகுதான் டிவியை உள்ளே விட்டார்கள்.

அதே ஊரில் 1991-இல் பெண்களுக்கான வீடியோ பட்டறை ஒன்று தொடங்கியது. கியூபெக்கிலிருந்து வந்த மரி-எலன் கூசினோவோடு மேடலின் இவாலு, சூசன் அவிங்காக், மேரி குனுக் ஆகியோர் சேர்ந்துகொண்டார்கள். அதுதான் 'அர்னைட்' குழு.

அவர்கள் 1993-இல் எடுத்த ஒரு சிறு வீடியோவின் கதை இவ்வளவுதான்: இரண்டு பெண்கள் குல்லிக்கை அமைத்து ஏற்றுகிறார்கள். குல்லிக் என்பது பிறை வடிவக் கல்விளக்கு. சீல் என்ற கடல்விலங்கின் கொழுப்புதான் எண்ணெய். பாசியும் பருத்திப்புல்லின் பஞ்சும் திரி. அந்தத் திரியை விளிம்பு நெடுகப் பரப்பி, சுடர் ஒரே உயரத்தில் நிற்கும்படி தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், விட்டால் புகையும். சமையல், வெளிச்சம், ஈரத்துணி உலர்த்துவது எல்லாம் அதில்தான். விளக்கை ஏற்றி முடித்ததும், தாங்கள் இப்போது செய்ததையே பாட்டாகப் பாடுகிறார்கள். படம் முடிந்தது. வெளியாள் எடுத்திருந்தால் பனிக்கரடிக்குப் போயிருப்பார்!

2008-இல் இவாலுவும் கூசினோவும் ஒரு முழுநீளப் படம் இயக்கினார்கள். வெளியார் கொண்டுவந்த நோயில் ஊரே செத்துப்போக, ஒரு பாட்டியும் பேரனும் மிஞ்சுகிற கதை. பாட்டியாக நடித்தவர் இவாலுவேதான். பேரன் அவருடைய சொந்தப் பேரன். டொராண்டோ விழாவில் சிறந்த கனடிய முதல் படத்துக்கான விருது வாங்கியது.

அப்புறம் இன்னொரு இனுயிட் இயக்குநர், அலெதியா அர்னாக்குக்-பரில். 2016-இல் அவர் எடுத்த 'ஆங்ரி இனுக்', சீல் வேட்டைக்கு எதிரான பிரசாரத்துக்குப் பதில் சொல்லும் ஆவணப்படம். அரங்கில் சைவக்காரர்கள் இருப்பீர்கள், கொஞ்சம் நெளிவீர்கள், பரவாயில்லை. 1983-இல் ஐரோப்பா தடை செய்தது வெள்ளைக் குட்டிகள், நீலமுதுகுக் குட்டிகள் என்ற இரண்டு வகைச் சீல் குட்டிகளின் தோலை மட்டும்தான். இனுயிட் வேட்டைக்காரர்கள் அந்தக் குட்டிகளைத் தொடுவதே இல்லை. ஆனாலும் தடைக்குப் பின் சீல் தோல் சந்தை மொத்தமாகச் சரிந்தது. வேட்டைக்குப் போக பெட்ரோலுக்குக்கூடக் காசில்லாமல் போனது. அந்தத் தோலில் செய்யும் காமிக் என்ற காலணியைத் தைப்பவர்கள் பெண்கள். இரண்டு தோலில் ஒன்றை ஊசி முழுக்கத் துளைக்காது, பாதிக் கனம்வரை போய்த் திரும்பும். நூல் விலங்கின் தசைநார், நனைந்தால் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் புகாது. இந்தக் கைவேலைக்காரர்களின் பிழைப்பைப் போஸ்டர்களில் யாரும் போடவில்லை என்பதுதான் அந்தப் படத்தின் கோபம். எனக்கு அது நியாயமான கோபமாகவே படுகிறது.

கோபமும் துக்கமும் மட்டும்தான் இவர்கள் சினிமா என்று நினைத்துவிடாதீர்கள். நைலா இன்னுக்சுக் 2022-இல் 'ஸ்லாஷ்/பேக்' எடுத்தார். நுனாவுட்டின் பாங்னிர்டுங் ஊரில், கோடையின் மிக நீண்ட பகலில், நாலைந்து பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் வேற்றுக்கிரக ஜந்துக்களை அடித்து விரட்டுகிறார்கள். ஆர்க்டிக் எப்படிப்பட்ட இடம் என்று அந்தப் படத்தில் நமக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.