வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு பழைய கார்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

பதினெட்டு வயது நிறைந்து ஓட்டுநர் உரிமமும் கைக்கு வந்துவிட்டால், பிள்ளைகள் அடுத்துக் கேட்பது கார். புதிய கார் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே கொட்டகையில் உறை போர்த்தி நிற்கும் பழைய வண்டியின் சாவி கைமாறுகிறது. நம் ஊர்களில் அது பல வீடுகளில் மாருதி 800 ஆகவே இருக்கிறது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. கடைசியாகத் தயாரான வண்டிக்கே பத்து வயது கடந்துவிட்டது. நான் பார்க்கிற வண்டிகளில் பல, அவற்றை ஓட்டப்போகிற பிள்ளைகளைவிட மூத்தவை.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தியவன் நான். அதனால் பெற்றோர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள்: “இந்த வண்டியைப் பிள்ளையிடம் கொடுக்கலாமா?” கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. எல்லா வேலையையும் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டறைக்குப் பிள்ளையை அழைத்துப் போகாமலும் இருக்கக் கூடாது. பழுது எங்கே இருக்கிறது, எது அவசரம், எது பொறுக்கும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி கூட நிற்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது பற்றி.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. கார் ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். “தெருவுக்குள் மட்டும்தானே” என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் சாவி கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. தெருவுக்குள் நடந்தாலும் சட்டம் இதேதான்.

அடுத்து வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று பெற்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தாத்தா காலமாகியிருப்பார், வண்டி அவர் பெயரிலேயே இருக்கும், காப்பீடும் அவர் பெயரிலேயே தொடர்ந்துகொண்டிருக்கும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நேர்ந்த அன்று இந்தத் தாள்களைத் தேடி அலையும் குடும்பங்களின் நிலை மிகக் கொடியது. பிள்ளையையும் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போய் முதலில் இதை முடித்துவிடுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். இஞ்சின் மூடியைத் திறப்பதில்தான் பிள்ளைக்கு ஆர்வம் இருக்கும். அதற்கு முன் சக்கரத்தின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் அந்த டயர் தயாரானது என்று பொருள். கொட்டகையில் நின்ற வண்டியில் டயரின் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். ஓடாத டயர் தேயாது. ஆனால் ரப்பர் இறுகிப்போய், பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருக்கும். கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட டயர்தான். ‘பட்டன் நன்றாக இருக்கிறதே’ என்று ஏமாந்துவிடக் கூடாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியும் அந்த டயர் ஓடக்கூடாது. ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள்; வயதில் மூத்தது பெரும்பாலும் அதுதான்.

பிறகு பிரேக். இஞ்சினை ஓடவிட்டு, பெடலை அழுத்தி அரை நிமிடம் காலை எடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். என் தங்கை மகள் பத்தொன்பது வயதுக்காரி; அவளுக்குக் கிடைத்தது தாத்தாவின் மாருதி 800. இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, “மாமா, காலை அப்படியே வைத்திருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறது” என்றாள். பட்டறையில் காண்பித்தபோது, பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கும், எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும். இது அப்படி அமுங்கவில்லை. உறுதியாக நின்று, பின் நழுவியது. பிரேக் ஆயிலும் குறையவில்லை, எந்தச் சக்கரத்திலும் ஒழுகவில்லை. அப்படியானால் பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. நான் சொன்ன இந்த வேறுபாட்டை அவள் அப்படியே மெக்கானிக்கிடம் எடுத்துச் சொல்லி, சிலிண்டரை மாற்றச் செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. அன்று எனக்கு இருந்த பெருமை, என் மாணவர்கள் வேலைக்குப் போனபோது வந்த பெருமைக்குக் குறைந்ததல்ல.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை முழுவதுமாக மாற்ற வேண்டும். நிறம் டீத்தண்ணீர் போலக் கறுத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிப் பார்த்து, சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். அது அதிகமாக ஆடினால், பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்று சத்தமும் வந்தால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் பந்து மூட்டான ‘பால் ஜாயிண்ட்’டைப் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைச் சட்டென்று இழுத்தால் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாருதி 800 இல் உயிர் காக்கும் காற்றுப்பை கிடையாது. மோதலில் தாங்குவதற்கு அந்தப் பெல்ட் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே வேகத்தைப் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். நான்குவழிச் சாலையில் மற்றவர்கள் நூறில் போகலாம்; இந்த வண்டி எழுபதைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பணத்தைப் பற்றி எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். டயர், பிரேக், ஸ்டீயரிங், பெல்ட், விளக்கு, வைப்பர் இவற்றின் செலவைப் பெற்றோர் ஏற்றுக்கொள்ளுங்கள், கணக்குப் பார்க்காமல், உடனே. வண்டியை ஓடவைக்கிற பாகங்களின் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் போய்விட்டதா? கல்லூரிப் பிள்ளையிடம் பணம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். பணம் சேரும் வரை வண்டி நிற்கட்டும், பிள்ளை பஸ்ஸில் போகட்டும். அந்த நாட்களில் நான்கு கடையில் விலை கேட்பான், பழையதைச் சரிசெய்ய முடியுமா என்று விசாரிப்பான், பாகத்தின் பெயரையும் வேலையையும் கற்றுக்கொள்வான். ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. நிற்காத வண்டியை ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாது.

பெட்ரோல் வாசனையையும் அந்த முதல் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென்று வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களும், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டுகளும் முன்கூட்டியே கெட்டுப்போகக்கூடும். இஞ்சின் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் நெடி அடித்தால் சாவியைத் திருப்பவே கூடாது. குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். அதிகச் செலவில்லாத வேலை, தீயிலிருந்து காக்கிற வேலை.

பழைய வண்டியின் பெரிய எதிரி நம் ஊர் வெப்பம். வெப்பமானியின் முள் எங்கே நிற்பது வழக்கம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். இதை ஒருமுறைக்கு நான்குமுறை சொல்லிவையுங்கள். “வீட்டுக்குப் பக்கம்தானே, போய்விடலாம்” என்று ஓட்டினால் இஞ்சினின் மேல்பாகத்தில் உள்ள ஹெட் கேஸ்கட் போய்விடும். அதற்குப் பிறகு வருவது பெரிய செலவு. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடை போல வெண்மை படிந்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டதோ என்று உடனே பார்க்க வேண்டும். புகைபோக்கியில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பல பட்டறைகளில், சூடேறுகிறது என்றதும் இஞ்சினின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். அது இல்லாத இஞ்சின் உரிய வெப்பத்துக்கு வர நேரமாகும், பெட்ரோலைக் குடிக்கும், சூடேறியதன் உண்மையான காரணமும் மறைந்துபோகும்.

மெக்கானிக்கிடம் பேசவேண்டியது பிள்ளை. “வண்டி சரியில்லை” என்று சொல்லக் கூடாது. “காலையில் முதலில் எடுக்கும்போது மட்டும் சத்தம் வருகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது” என்று சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பெண்பிள்ளை என்றால், கேள்வி கேட்டவளை விட்டுவிட்டு உடன் வந்த ஆணிடம் பதில் சொல்கிற பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. அப்போது நாம் “வண்டி அவளுடையது, அவளிடம் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வதே சரி. சென்னையில் இருப்பவர்கள் பிள்ளையை உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பீட்டர்ஸ் சாலைக்கும் அழைத்துப் போங்கள். கதவுக் கண்ணாடி, கைப்பிடி, பம்பர் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கலாம். பிரேக்கில் எந்தப் பாகத்தையும் பழையதாக வாங்கக் கூடாது.

சாலையில் வண்டி நின்றுவிட்டால் பிள்ளை முதலில் உங்களைத்தான் அழைக்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்தால் அழைக்க மாட்டான். இருட்டில், முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்பான். வண்டியைப் பற்றிய கோபத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் நின்றால் நான்கு விளக்கையும் ஒளிரவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைத் தொலைவில் வைத்துவிட்டு, வண்டிக்குள் உட்காராமல் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. அதைக் கைப்பேசியில் இன்றே பதிந்து கொடுங்கள்.

கடைசியாக, எப்போது வண்டியைக் கைவிடுவது? அதைப் பழுது வருவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தரைத்தகடு தெரியும். கடலோர ஊர்களிலும், வெள்ளத்தில் நின்ற வண்டிகளிலும் அங்கே துரு அரித்திருக்கும். மேலே டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தால் அழகாகத் தெரியும். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் பொருந்துகிற இடத்தில் அரித்திருந்தால் அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்கவே கூடாது. இஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தொட்டாலும் நிறுத்திக்கொள்வது நல்லது. தாத்தாவின் நினைவு என்று மனம் கேட்காது. அது எனக்கும் புரிகிறது.

அப்படி நிறுத்துவதானால் வண்டியைத் தெருவில் வரும் இரும்பு வியாபாரியிடம் போடாதீர்கள். அரசு அனுமதி பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து, பதிவை நீக்கிவிட்டதாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பதிவு எண்ணும், வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணும் வேறொரு வண்டியில் ஏறி ஓடினாலும், அதற்கான கேள்வி உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

நன்றி, வணக்கம்.