வேலியில் சிவப்பது கோவைதானா?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வேலியோரம் சிவப்பாக ஏதாவது தொங்கினால் போதும், கோவைப்பழம் என்று சொல்லிவிடுகிறோம். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் அதே வேலியில் குன்றிமணியும் ஏறும் என்பதால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

பழத்தை விடுங்கள், கொடியைப் பாருங்கள். கோவை, இலைக்காம்பு பக்கத்திலிருந்து கம்பிச் சுருள் மாதிரி ஒரு பற்றுக்கம்பியை நீட்டி வேலியைப் பிடிக்கும். இலை ஐந்து மூலையோடு வழுவழுப்பாக இருக்கும். பூ வெள்ளை, ஐந்து இதழ் விரிந்தது. பிஞ்சு பச்சை, அதன்மேல் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள். பழுத்தால் முழுசாகச் சிவந்துவிடும், விரல் நீளத்துக்கும் குறைவுதான். பிட்டால் உள்ளேயும் சிவப்பு, கொழகொழவென்று விதைகள்.

"எங்கள் வேலியில் பூக்கிறது, காய்க்கவே மாட்டேன் என்கிறது" என்பார்கள் சிலர். கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் கொடிக்கு எத்தனை எரு போட்டாலும் காய் வராது. பூவுக்கு அடியில் குட்டிக் காய் போல ஒரு புடைப்பு இருந்தால் அது பெண் பூ.

முசுமுசுக்கையும் இதே குடும்பம்தான். இலையைத் தொட்டாலே சொரசொரக்கும், பூ மஞ்சள், பழம் பட்டாணி அளவு.

குன்றிமணிக்குப் பற்றுக்கம்பியே கிடையாது. தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். இலை புளிய இலை மாதிரி பொடிப் பொடியாக வரிசை கட்டியிருக்கும். சிவப்பாகத் தெரிவது பழமில்லை. காய்ந்து வெடித்த நெற்றுக்குள் இருக்கும் விதை, ஓரத்தில் கறுப்புப் பொட்டோடு. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, அதேதான். அழகுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு. மென்று தின்றால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை வாயில் போட்டுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், மிச்ச விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அப்புறம், கோவைதான் என்று உறுதியாகி, காய் பறிக்கப் போகிறீர்களா? செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓரத்தில் களைக்கு மருந்து அடிப்பார்கள். அடித்த சில நாளுக்குக் கொடி பச்சையாகத்தான் தெரியும். தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அண்மையில் அடித்த பக்கம் என்றால் கை வைக்காதீர்கள்.