முதலில் காலை எடுங்கள்

வணக்கம் நேயர்களே. ஆளரவமற்ற இடத்தில் மணலிலோ சேற்றிலோ வண்டி சிக்கிக்கொண்டால் நம் கால் முதலில் என்ன செய்யும்? ஆக்சிலேட்டரை மிதிக்கும். சக்கரம் சுற்றும், மண் பறக்கும், வண்டி மட்டும் முன்னே போகாது, கீழே போகும். வண்டியின் அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்துவிட்டால் சக்கரத்தின் மேல் போதிய பாரம் இருக்காது. பாரம் இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? ஆகவே முதல் வேலை, காலை எடுப்பது.

இறங்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், அடியிலும் உள்ள மண்ணை அள்ளுங்கள். முடிந்தால் வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். அங்கே மண் ஏற்கெனவே அமுங்கியிருக்கும்.

அடுத்தது டயர்க் காற்று. நான் எதைப் பேச ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்பேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். ஒருமுறை மணல்மேட்டில் நான்கு பேர் ஒரு ஜீப்பைத் தள்ளித் தள்ளி ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். காற்றை இறக்குங்கள் என்றேன். “இருக்கிற காற்றிலேயே நகரவில்லை, இன்னும் இறக்கச் சொல்கிறீர்களே!” என்று ஓட்டுநருக்குக் கோபம். சாலைக்காக டயரில் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. வைத்திருந்தார். 18க்கு இறக்கினோம். சக்கரத்தடி மண்ணை அள்ளிவிட்டு மெதுவாக எடுத்தார், வண்டி ஏறி வந்துவிட்டது. டயர் அகலமாவதால் என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். தரையில் பதியும் நீளம்தான் நன்றாகக் கூடுகிறது. அதே பாரம் அதிக இடத்தில் பரவ, மணல் தாங்கிக்கொள்கிறது. ஆனால் காற்று குறைந்த டயரோடு வேகமாகத் திருப்பினால் அது ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் காற்றடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டயர் சூடேறிக் கெட்டுப்போகும்.

இன்னொரு வண்டி வந்து இழுக்கிறதா? டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் பட்டையை மாட்டவே மாட்டாதீர்கள். இழுவிசையில் அது முறிந்து பறந்து வந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், அந்த உருண்டை வேண்டாம். சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உறுதியாகப் பொருத்திய, இதற்கென்றே உள்ள கொக்கியில் மாட்டுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. வின்ச், அதாவது மரம் போன்ற ஒன்றில் கயிற்றைக் கட்டி, அதைச் சுற்றிச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி, அதைப் பற்றித்தான் நிறைய வைத்திருந்தேன். கயிற்றின் மேல் கனமான போர்வை ஒன்றைப் போடுங்கள், இழுக்கும்போது யாரும் அதைத் தாண்ட வேண்டாம். கட்ட மரம் இல்லையென்றால் ஸ்டெப்னி டயரில் கயிற்றைக் கட்டி ஆழமாகப் புதையுங்கள், அதுவே நங்கூரம். எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு என்பதற்கு நேரமில்லை. நன்றி, வணக்கம்.