சரத் கமல் ஆடியது ஒரே ஆட்டம் இல்லை

எல்லோருக்கும் வணக்கம். நம் டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமலைப் பற்றிப் பேச்சு என்றதுமே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார், "ஒலிம்பிக்ல மெடல் வாங்கியிருக்காரா?" என்று. இல்லைங்க. ஐந்து ஒலிம்பிக் ஆடினார், ஒரு மெடல்கூட இல்லை. ஆனால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டேபிள் டென்னிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்த 1988-லிருந்து 2024 பாரிஸ் வரை கொடுத்த 42 தங்கத்தில் 37-ஐ சீனாவே அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. உலகத்தில் மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஐந்துதான்!

சரி, வேறு ஒரு கணக்குக்கு வருவோம். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஆண்கள் ஒற்றையரில் தங்கம். 2022 பர்மிங்காமில் அதே ஒற்றையரில் மறுபடி தங்கம், அப்போது அவருக்கு வயது நாற்பது. நடுவில் 16 வருஷம். உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்தார் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள், உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. இந்த மனிதர் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள் என்பதுதான் மீதிப் பாதி.

சென்னையில் அப்பாவும் அப்பாவின் சகோதரரும் பயிற்சி கொடுக்க அவர் கற்றுக்கொண்டது 38 மில்லிமீட்டர் பந்தில், 21 பாயிண்ட் ஆட்டம். 2000-த்தில் பந்து 40 மில்லிமீட்டர் ஆனது. 2001-இல் 21 போய் 11 வந்தது, அதாவது நிதானமாகச் சூடேறி அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்கிற வசதி போயே போச்சு. 2002-இல், சர்வீஸ் போடும்போது பந்தைக் கையாலோ உடம்பாலோ மறைக்கக் கூடாது என்றார்கள்.

பெரிய அடி 2008-இல் விழுந்தது. அதுவரை மேட்சுக்குச் சற்று முன்னால் மட்டையின் மேல் இருக்கிற ரப்பரை உரித்து, ஸ்பீட் குளூ என்கிற பசையைத் தடவி மறுபடி ஒட்டுவார்கள். அந்தப் பசையில் இருக்கிற திரவம் ரப்பருக்கு அடியில் இருக்கிற ஸ்பாஞ்சுக்குள் இறங்கி அதை உப்ப வைக்கும், பந்து பட்டதும் 'டக்'கென்று தெறிக்கும். சரத் மாதிரி ஆறடிக்கு மேல் உயரம், ஃபோர்ஹேண்டில் ஓங்கி அடிக்கிற ஆளுக்கு அது வரப்பிரசாதம். அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல் என்பதால் பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த கையோடு தடை செய்துவிட்டார்கள். சரியான முடிவுதான், ஆனால் ஆடுகிறவனுக்குக் கைக்குப் பழகிய வேகம் ஒரே நாளில் காணாமல் போகிறது, யோசித்துப் பாருங்கள். 2014-இல் செல்லுலாய்டு பந்தும் போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, அதில் சுழலும் குறைவு. ஒரே அடியில் முடிப்பது கஷ்டம், பந்து திரும்பித் திரும்பி வரும், பேக்ஹேண்ட், அதாவது புறங்கைப் பக்கமாக அடிக்கிற அடி, இல்லாதவன் மாட்டிக்கொள்வான்.

அதனால்தான் எனக்கு மெல்போர்னைவிட பர்மிங்காம் பெரிசு. இங்கிலாந்தின் லியம் பிட்ச்ஃபோர்டோடு இறுதி ஆட்டம், அவர் சொந்த ஊர்க்கூட்டத்துக்கு முன்னால். அதே பிட்ச்ஃபோர்டு ஜோடியிடம்தான் சரத்தும் இன்னொரு இந்திய வீரர் சத்தியனும் இரட்டையர் இறுதியில் தோற்றிருந்தார்கள். முதல் கேம் 11-13 என்று போனது. அடுத்த நாலும் சரத்துக்கு, அதில் ஒன்று 11-2! ஸ்ரீஜா அகுலாவோடு கலப்பு இரட்டையர், ஆண்கள் அணி இரண்டையும் சேர்த்தால் அந்த ஒரு போட்டியில் மட்டும் மூன்று தங்கம்.

பத்துத் தேசியப் பட்டம், அதற்கு முன் பழைய இந்திய வீரர் கமலேஷ் மேத்தாவின் எட்டுதான் சாதனை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அணிக்கும், மணிகா பத்ராவோடு கலப்பு இரட்டையருக்கும் வெண்கலம், ஆசிய விளையாட்டில் டேபிள் டென்னிஸில் இந்தியாவுக்கு மெடல் வந்தது அப்போதுதான் முதல்முறை. பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பி.வி. சிந்துவோடு இந்தியக் கொடி பிடித்தார், ஆனால் ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2025 மார்ச்சில் சென்னையிலேயே, ஸ்நேஹித் என்கிற நம் நாட்டு இளைஞரிடம் தோற்று விடைபெற்றார்.

ஆரம்பத்தில் ஒலிம்பிக் பேச்சு வந்ததே, அதற்கு என் பதில் டோக்கியோவில் சீனாவின் மா லாங்கோடு ஆடிய மூன்றாவது சுற்று. மா லாங் அந்த முறையும் தங்கம் வாங்கினவர். ஆளுக்கு ஒரு கேம் என்று இருந்தபோது மூன்றாவதை 11-13 என்று விட்டார் சரத், அதற்கப்புறம் இரண்டு கேமும் 4-11. ஸ்கோரை விடுங்கள், வீட்டுக்குப் போய் அந்த மூன்றாவது கேமை மட்டும் போட்டுப் பாருங்கள், அதிலும் முக்கியமாக அவருடைய பேக்ஹேண்டை.