ரசீது வைத்திருக்கும் கையா, மாத்திரை கொடுத்த கையா?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, இவ்வளவு நேரம் பூனைப் பாசத்தைப் பொழிந்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது எனக்கே அது மறந்துபோயிருந்தது. இரண்டு பேர் பல வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு இப்போது பிரிகிறார்கள். வீட்டில் ஒரு பூனை, வயது 16. குட்டியாக அதைத் தூக்கி வந்தவர் ஒருவர், வீடும் அவருடையதுதான். கடைசி நான்கு வருடமாக அதற்கு மாத்திரை கொடுத்து, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, ராத்திரி அது கத்தும்போதெல்லாம் எழுந்து பார்த்தவர் இன்னொருவர். வீட்டை விட்டுப் போகப் போகிறவரும் இவரேதான். பூனை யாருக்கு? கொண்டு வந்தவருக்கு என்கிறது எதிரணி. பார்த்துக்கொண்டவருக்கு என்கிறோம் நாங்கள்.

எதிரணி முதலில் காகிதத்தைக் காட்டியது. தத்தெடுத்த பத்திரம் என் பெயரில், பூனையின் தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப்பின் பதிவு என் பெயரில், ஆகவே பூனை என்னுடையது. சரி, உலகத்தில் பல இடங்களில் சட்டமும் இன்னும் அப்படித்தான் பேசுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. சோபா யாருக்கு, ஃபிரிட்ஜ் யாருக்கு, பூனை யாருக்கு என்று ஒரே பட்டியலில் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து செல்லப்பிராணியைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்துப் பல வருடமாகிறது ஐயா. அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலம் 2017-ல், விவாகரத்தில் பிராணியின் நலனையும் நீதிபதி பார்க்க வேண்டும் என்றது. 2019-ல் கலிபோர்னியாவில் வந்த சட்டம், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது பிராணியின் பராமரிப்பை நீதிபதி கணக்கில் எடுக்கலாம் என்றது. பராமரிப்பு என்றால் என்ன என்பதையும் அதிலேயே எழுதி வைத்தார்கள்: தீங்கு வராமல் காப்பது, உணவு, தண்ணீர், மருத்துவம், பாதுகாப்பான இடம். ஸ்பெயினில் 2022 முதல், பிராணி என்பது பொருள் அல்ல, உணர்வுள்ள உயிர். இதெல்லாம் பெரும்பாலும் கல்யாணம் செய்துகொண்டு பிரிகிறவர்களுக்கான சட்டங்கள், சும்மா சேர்ந்து வாழ்ந்து பிரிகிறவர்களுக்கு அப்படியே பொருந்தாது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு அந்தச் சிரமம் வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைத்தான் காட்ட வந்தேன்.

காகிதம் போதும், பூனைக்கு வருவோம். எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் குட்டியைப் பற்றியே பேசினார்கள்! உள்ளங்கையில் அடங்கியது, புட்டியில் பால் குடித்தது, திரைச்சீலையில் ஏறியது. நடுவர் அவர்களே, அந்தக் குட்டி இப்போது இல்லை. இருப்பது 16 வயதுப் பூனை, நம் கணக்கில் எண்பதைத் தொட்ட ஆள். மதில்மேல் பூனை என்று சொல்கிறோமே, இது மதில்மேல் ஏறி வருடக்கணக்காகிறது. கட்டிலுக்கே நேராகத் தாவாது. முதலில் முக்காலி, அப்புறம் கட்டில். வயதான பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. ஆனால் அது நொண்டிக்கொண்டு வந்து நம்மிடம் புகார் சொல்லாது. வலியை மறைப்பது பூனையின் இயல்பு. முக்காலியைக் கொண்டுவந்து அங்கே போட்டது யார்? அதைக் கேளுங்கள்.

நகம் என்று ஒரு விஷயம். இளம் பூனை எதையாவது பிறாண்டி நகத்தைத் தேய்த்துக்கொள்ளும். கிழப் பூனை பிறாண்டுவதைக் குறைத்துவிடும், நகம் தடித்து, வளைந்து, பாதத்தின் மெத்தைக்குள்ளேயே குத்திக்கொள்ளும். வாரம் ஒரு முறை பாதத்தைக் கையில் எடுத்து, விரலை மெதுவாக அழுத்தி, நகத்தை வெளியே வரவைத்துப் பார்க்கிற ஆளுக்குத்தான் அது தெரியும். "பூனை என் உயிர்" என்று படம் போடுகிறவருக்குத் தெரியாது.

அடுத்து சிறுநீரகம். வயதான பூனைகளுக்கு மிகச் சாதாரணமாக வருகிற நோய், ஆனால் வெளியே தெரிவதற்குள் பெரும்பகுதி போயிருக்கும். முதல் அடையாளம் எது தெரியுமா? தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், லிட்டர் பெட்டியில், அதாவது பூனை மலஜலம் கழிக்கிற மணல் பெட்டியில், ஈரக் கட்டிகள் பெரிதாகும். லிட்டர் அள்ளுகிறவருக்குத்தான் கட்டியின் அளவு தெரியும். நான் இதைக் கொச்சையாகச் சொல்கிறேன் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை, இந்தப் பூனையின் உயிர் நான்கு வருடமாக அந்த அள்ளுகிற கரண்டியில்தான் இருக்கிறது. எடையும் அப்படித்தான். 4 கிலோ பூனை 200 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நமக்கு அது சில்லறை, பூனைக்கு உடம்பில் இருபதில் ஒரு பங்கு. தூக்கி எடை போட்டு நோட்டில் எழுதுகிற ஒருவர் இருந்தால்தான் பிடிபடும்.

இந்தப் பூனைக்குத் தைராய்டும் அதிகமாகச் சுரக்கிறது. காலை ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. கொடுத்துப் பார்த்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து, தாடையைத் திறந்து, நாக்கின் பின்பகுதியில் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவி, விழுங்கிவிட்டது என்று நிம்மதியாகத் திரும்பினால், கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்ததை நாற்காலிக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வரும். ஆகவே நாற்காலிக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். இதை விருந்து நாளிலும் காய்ச்சல் நாளிலும் இருவரும் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாளிலும் செய்திருக்கிறார் ஒருவர்.

இங்கேதான் எதிரணியின் இரண்டாவது வாதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. "பூனை என் மடியில்தான் வந்து படுக்கிறது, அவரைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது, பூனையே தீர்ப்புச் சொல்லிவிட்டது" என்றார்கள். ஓடாதா பின்னே? தினம் இரண்டு வேளை வாயைத் திறக்கிறவர் அவர், வாரத்துக்கு இரண்டு தடவை தோலுக்கடியில் ஊசி குத்தி சலைன் ஏற்றுகிறவர் அவர், கூடையில் போட்டு மருத்துவரிடம் தூக்கிப்போகிறவரும் அவர். நீங்கள் என்ன செய்தீர்கள்? சூடான மடியை வைத்துக்கொண்டு டிவி பார்த்தீர்கள். பூனை உங்களிடம் வருகிறது என்றால், கசப்பான வேலையையெல்லாம் இன்னொருவர் செய்துவிட்டார் என்றுதான் அர்த்தம். நாளைக்கு அவர் போய்விட்டால் மாத்திரையை நீங்கள் கொடுக்க வேண்டும், பத்தே நாளில் உங்களைப் பார்த்தும் ஓடும். அப்போது உங்கள் சாட்சி என்னவாகும்? இல்லை, ஓடக்கூடாது என்று மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பீர்களானால், அதைவிட மோசம்.

சரி, இப்போது எதிரணியின் உண்மையான வாதம். அவர்களின் கடைசிப் பேச்சாளர் சொன்னார், பூனைக்கு ஆளைவிட இடம்தான் பெரிது, வீடு மாற்றினால் கிழப் பூனை தாங்காது என்று. இதை நான் தள்ளிவிட மாட்டேன். பூனை கன்னத்தைக் கதவுநிலையிலும் மேசைக்காலிலும் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையை விட்டு வைத்திருக்கிறது, அந்த வாசனை இல்லாத வீட்டில் அது பயப்படும். பயந்தால் சாப்பிடாது. பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போலச் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆக வீடு மாறுவது விளையாட்டில்லை.

ஆனால் இரண்டு ஆபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடு மாறுகிற கஷ்டம் சில வாரக் கஷ்டம், அதற்கு வழியும் உண்டு. முதலில் ஒரே ஒரு அறை, அதில் துவைக்காத பழைய போர்வை, பழைய கிண்ணம், பழைய லிட்டர் பெட்டி, பழக்கப்பட்ட அதே உணவு. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அடுத்த அறைக் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். பூனை மெதுவாக வாசனையைப் பரப்பிக்கொள்ளும். மாத்திரை தவறுகிற கஷ்டத்துக்கு இப்படி எந்த வழியும் கிடையாது. தைராய்டும் சிறுநீரகமும் சேர்ந்து கெட்ட பூனைக்கு ரத்த அழுத்தம் ஏறினால், ஒரே ராத்திரியில் கண் போய்விடலாம். வீடு பழைய வீடாகவே இருக்கும், பூனைக்குத்தான் அது தெரியாது. இன்னொன்று, லில்லிப் பூங்கொத்து ஒன்றை யாராவது ஆசையாகக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், அதன் மகரந்தம் ரோமத்தில் பட்டு அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். பார்த்தவுடன் அதை வெளியே எடுத்துப் போடத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் இல்லையென்றால், பழகிய சுவர் பூனையைக் காப்பாற்றாது.

நடுநிலை நண்பர் ஒருவர் கீழேயிருந்து சொன்னார், ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று பிரித்துக்கொள்ளலாமே என்று. ஐயா, நாய்க்குச் சொல்லுங்கள், யோசிக்கலாம். இவ்வளவு நேரம் வீடு மாறினால் பூனை தாங்காது என்று பேசிவிட்டு, வருடத்துக்கு 52 தடவை மாற்றுவோம் என்றால் எப்படி? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், செல்லப்பிராணியை இருவரும் பகிர்ந்து வைத்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிடவே கூடாது என்கிறது. அவர்களாகப் பேசி ஒத்துக்கொண்டால் அது வேறு.

செலவு யார் கொடுத்தது என்றும் ஒரு பேச்சு வந்தது. செலவைப் பாதிப் பாதியாகப் போடலாம். மாத்திரையை அப்படிப் போட முடியாது.

ஒன்றை மட்டும் எங்கள் அணி சார்பில் நானே சொல்லிவிடுகிறேன். பார்த்துக்கொண்டவர் போகிற இடத்தில் பூனை வைக்க அனுமதி இல்லை, அல்லது அங்கே துரத்துகிற நாய் இருக்கிறது, அல்லது அவருக்கே இனிமேல் முடியவில்லை என்றால், பூனை பழைய வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் அப்போதும் ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளக் கூடாது. ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரையும் சலைனும் கொடுத்துப் பழகி, அந்த எடை நோட்டையும் கையில் வாங்கிக்கொண்டு, அப்புறம் வைத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அவரும் எங்கள் அணிதான்.

கடைசியாக எதிரணித் தலைவர் உருக்கமாக ஒன்று கேட்டார்: 16 வருடம் முன்னால் தூக்கி வந்தவருக்கு அப்போது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அவர் போய்ப் பார்க்கலாம், பூனையை இழுத்தடிக்காமல் அவர்தான் போய்வர வேண்டும், அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இந்த வயதுப் பூனைக்கு ஒரு நாள், இனி சிகிச்சை வேண்டாம், ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அந்த முடிவைப் பார்த்துக்கொள்கிறவர்தான் எடுக்க வேண்டும், வலி எவ்வளவு என்று தெரிந்தவர் அவர். ஆனால் முடிவெடுக்கும் முன்னால் கொண்டு வந்தவருக்கு போன் போக வேண்டும், எவ்வளவு கோபம் மிச்சமிருந்தாலும், நம்பரை பிளாக் செய்திருந்தாலும் எடுத்துவிட்டு. வருகிறேன் என்று அவர் சொன்னால், பூனை தாங்குகிறவரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலான சண்டையில் இதைப் பேசாமலே விட்டுவிடுகிறார்கள், அப்புறம் மூன்றாம் ஆள் மூலமாகச் செய்தி போய்ச் சேருகிறது. ஆகவே நடுவர் அவர்களே, பூனையை எங்களிடம் கொடுக்கும் தீர்ப்பிலேயே அந்த போனையும் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். எங்கள் அணி இப்போதே கையெழுத்துப் போடத் தயார்.